கடலுக்குக் காத்தாடி பார்த்த பேன்காரர்

உலகத்தில் சுற்றுகிற பொருள் எதுவாக இருந்தாலும் அது தன் மேற்பார்வையில்தான் சுற்றுகிறது என்று நம்பிய மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பூமியை மட்டும் அவர் விட்டுவைத்திருந்தார். அது சுற்றும் சத்தம் காதில் விழுந்திருந்தால் அதையும் ஒரு கை பார்த்திருப்பார்.

இலங்கை மலையகத்தில், பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. பறித்த கொழுந்தை நீளநீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றடித்து வாட்டுவார்கள். அந்தக் காற்றை அடிக்கும் ஆளுயர ஃபேன்களைப் பராமரிப்பவர் அவர். ஆகவே ஃபேன்காரர். தோட்டத்து வாயில் அது பேன்காரர் ஆகிவிட்டது. புதிதாக வந்த ஆபீஸ் கிளாக்கரின் மனைவியிடம் யாரோ, “அம்மா, பேன்காரரு வந்திருக்காரு” என்று சொல்ல, அந்த அம்மா பதறிப்போய் மகளின் தலையைத் துண்டால் மூடி உள்ளே அனுப்பிவிட்டார். நான் அதே தொழிற்சாலையில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தவன். ஆனாலும் அவரை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

ஒரு நாள் காலையில் டீமேக்கர், அதாவது தொழிற்சாலைக்குப் பொறுப்பான துரை, கொழுந்து வாட்டும் மாடிக்கு ஏறி வந்தார். கொழுந்துக்கு நடுவே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் போட்ட கூச்சலில் நாங்கள் எல்லோரும் ஓடினோம். பேன்காரர் தொட்டிக்குள் மல்லாந்து படுத்திருந்தார்.

“சத்தம் போடாதீங்க சார். இடது தோள்ல காத்து வருது, வலது தோள்ல வரல. மூணாவது ஃபேன் பொய் சொல்லுது.”

மூன்றாவது ஃபேனை நிறுத்திப் பார்த்தால் அதன் இறக்கை ஒன்றில் கிழிந்த சாக்கு சுற்றிக் கிடந்தது. டீமேக்கர் மன்னித்துவிட்டார். அன்றைய தேயிலையில் மட்டும் வழக்கத்தில் இல்லாத ஒரு மணம் இருந்ததாகப் பேச்சு. பேன்காரர் முதுகில் தேய்த்திருந்த மூட்டுவலித் தைலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார்.

பதுளையில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரம் நெருங்குகிறது. மணமேடைக்கு மேலே ஃபேன் ‘டக், டக்’ என்று ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டு சுற்றியது. எங்கள் எல்லோருக்கும் மேளச்சத்தம்தான் கேட்டது. அவருக்கு அந்த ‘டக், டக்’ மட்டும்தான் கேட்டது. விறுவிறுவென்று மேடைக்குப் போய் ஃபேனை நிறுத்தி, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

“மாப்ள, சும்மாதானே உக்காந்திருக்கீங்க. இதைக் கொஞ்சம் புடிங்க.”

மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு எழுந்து முக்காலியைப் பிடித்தார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். பேன்காரர் ஏறி ஒரு ஆணியை முறுக்கி, ஒரு இறக்கையை இழுத்து நிமிர்த்தி, இறங்கி வந்து சுவிட்சைத் தட்டினார். சத்தமே இல்லை. அந்தத் தம்பதி இன்றைக்கு நல்லபடியாக இருப்பதற்குக் காரணம் ஜாதகப் பொருத்தம் இல்லை, அந்த ஆணிதான் என்பது அவருடைய கட்சி.

இப்படிப்பட்டவர் காதில் விழும்படி நான் ஒரு நாள் போனில், ‘காத்தாடி’ என்ற வார்த்தையைச் சொல்லித் தொலைத்தேன்.

போனில் பேசியது என் தங்கை சுமதி. அவள் கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். பதுளைச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்த ரவி என்ற, கிழக்குக் கடற்கரைப் பொத்துவில் பக்கத்து மீன்பிடிக்காரரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் தங்கை போய்க் கருவாடு மட்டும் மிச்சமானது. ஆனால் ரவி தங்கமான மனிதர். அவரிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. பழைய எஞ்சின் தேய்ந்துபோகவே, அதைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிய எஞ்சின் ஒன்றைப் படகின் பின்னால் மாட்டினார். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. வெறும் படகாகப் போகும்போது பறந்தது. வலையும் மீனும் ஏறியதும் எஞ்சின் முக்கி முனகியதே தவிர, படகு மூக்கைத் தூக்கவில்லை.

கடல் ஓடாதவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அங்கே துறைமுகம் கிடையாது. அலை உடைகிற இடத்தைக் கடந்து நேரே மணலுக்குத்தான் வரவேண்டும். ஒரு அலையின் முதுகில் ஏறி, அதன் வேகத்திலேயே வந்துவிட வேண்டும். மூக்கைத் தூக்காத படகு பின்தங்கும். பின்னால் வரும் அலை அதைப் பிடித்துக்கொள்ளும்.

“அண்ணே, நேத்து அலை பின்னால ஏறி போட்டுக்குள்ளயே விழுந்துருச்சு. இவரைத் தூக்கி வெளிய எறிஞ்சிருச்சு. நான் கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்” என்று சுமதி அழுதாள். “இன்னொரு தடவ இப்படி வந்தாருன்னா போட்டை வித்தே ஆகணும். இல்லாட்டி நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு தோட்டத்துக்கே வந்துருவேன்.”

ரவி போனை வாங்கினார். “மச்சான், போட்டை வித்துட்டு நான் அங்க வந்து என்ன செய்யிற? எனக்குக் கடலை விட்டா ஒண்டும் தெரியாது. எஞ்சின்ல பிழை இல்லை. காத்தாடிதான் சரியில்லை எண்டு இஞ்ச சொல்றாங்க.”

“எந்தக் காத்தாடி?” என்றேன் நான்.

பக்கத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பேன்காரரின் கோப்பை அந்தரத்தில் நின்றது. எஞ்சினுக்கு அடியில், தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் காத்தாடி என்று ரவி சொன்னதை நான் அவருக்கு விளக்கியதும் அவர் முகம் வாடிவிட்டது.

“தண்ணிக்குள்ளயும் ஃபேன் ஓடுதா? இத்தனை நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு உனக்குத் தோணலையே தம்பி.”

சமாதானம் செய்ய ஒரே வழிதான் இருந்தது. அடுத்த லீவு நாளில் இருவரும் பஸ் ஏறினோம். பேன்காரர் மடியில் துண்டில் சுற்றிய ஒரு பொருளைக் குழந்தைபோல வைத்திருந்தார். சுற்று எண்ணும் மீட்டர். ஃபேன் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டுவது. பசறை வருவதற்குள் ஓட்டுநருக்கு முன்னால் இருந்த குட்டி ஃபேனின் குறையைக் கண்டுபிடித்தார். மொனராகலை வருவதற்குள் அதைச் சரிசெய்துவிட்டார். நாங்கள் இறங்கும்போது ஓட்டுநர் சிங்களத்தில் தன் மகளின் கல்யாணத்துக்கு அவரை அழைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாண மண்டபத்து ஃபேன்களை நினைத்து நான் வாயைத் திறக்கவில்லை.

பேன்காரர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. முதன்முதலாகப் பார்க்கும்போது என்ன சொல்வார் என்று நான் ஆவலோடு இருந்தேன். அவர் பார்க்கவே இல்லை. நேரே மணலில் ஏற்றிவைத்திருந்த படகின் பின்பக்கம் போய்க் குந்திக்கொண்டார். காத்தாடியைத் தடவினார், முகர்ந்தார், சுண்டிவிட்டார். வெகுநேரம் கழித்துத்தான் தலையைத் தூக்கினார்.

“ஓ, இதுதான் கடலா? சத்தம் ஒரே மாதிரி வர மாட்டேங்குதே. எங்கயோ பேலன்ஸ் இல்ல.”

ரவிக்கு அந்த இடத்திலேயே அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. எனக்கு வந்தது.

காத்தாடியின் நடுவில் இரண்டு எண்கள் பொறித்திருந்தன. முதலாவது அகலம், மற்றது என்ன என்று ரவிதான் சொன்னார்: காத்தாடி ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு தூரம் முன்னால் போகும் என்ற கணக்கு. பேன்காரர் துள்ளி எழுந்தார்.

“அட, திருகாணி! தண்ணிதான் பலகை. புரி அகலமா இருந்தா ஒரு முறுக்குல நெறைய இறங்கும், ஆனா முறுக்கக் கை வலிக்கும். புரி நெருக்கமா இருந்தா லேசா முறுக்கலாம், மெதுவா இறங்கும். அவ்ளோதானே!”

அவ்வளவுதான். அதே மாதிரி எஞ்சின் வைத்திருந்தவர்கள் வீட்டில் சும்மா கிடந்த காத்தாடிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எஞ்சினோடு வந்ததை அவர் ஓரமாக வைத்துவிட்டார். மற்றவற்றில் மூன்றைப் பொறுக்கி எடுத்து, புரி அகலமானதற்கு மூத்தவன், அதற்கடுத்ததற்கு நடுவுள்ளவன், நெருக்கமானதற்குக் கடைக்குட்டி என்று பெயரும் வைத்தார். எஞ்சின் மூடியைத் திறந்து, மேலே சுற்றுகிற சக்கரத்தில் தேயிலைப் பெட்டியின் வெள்ளித்தாளைத் துணுக்காகக் கிழித்து ஒட்டினார். மீட்டரின் வெளிச்சம் அதில் பட்டால் எண்ணிக்கை தெரியும். எஞ்சினை முழுசாக முறுக்கும்போது சுற்று எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை இருக்கவேண்டும் என்று எஞ்சினோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே போனால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். மேலே போனால் தலைதெறிக்க ஓடுகிறது என்று அர்த்தம்.

முதலில், அலையில்லாத பக்கத்து உப்பங்கழியில் படகை இறக்கி, மூத்தவனை மாட்டி, மீட்டரை ரவியிடம் கொடுத்தார். வாட்டும் மாடியில் காற்றுப் போதாவிட்டால் ஃபேன் இறக்கையை அகலமாகத் திருப்பிவிடுவதுதானே அவர் பழக்கம். படகு சும்மா போகும்போதே எஞ்சின் எருமை மாதிரி உறுமியது. மீட்டர் பாதியில் நின்றுவிட்டது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் தொங்கப் போட்டிருப்பார்கள். இவர் மணலில் நின்று கையை உயர்த்தினார்.

“பாத்தீங்களா! நான் நெனச்சது தப்புன்னு நானே நிரூபிச்சிட்டேன். வேற எவனாலயும் இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிருக்காது.”

அடுத்து நடுவுள்ளவன். இந்த முறை சும்மா ஓட்டிப் பார்த்துப் பயனில்லை, பாரம் ஏற்றித்தான் பார்க்கவேண்டும் என்றார். மீன் பிடித்துத் திரும்பும்போது எவ்வளவு பாரம் இருக்கும் என்று ரவியிடம் கேட்டார். உரப்பைகளில் மணலை அள்ளிக் கட்டினோம். நனைந்த வலை, ஐஸ், மீன், கூட வரும் ஆள் எல்லாம் சேர்த்துப் பத்துப் பை வரும் என்றார் ரவி. பேன்காரர் கத்திக் கத்தி வேலை வாங்கினார். பைகள் ஏறின. ரவி ஓட்டினார். படகு மூக்கைத் தூக்கியது. மீட்டர் புத்தகத்தில் போட்டிருந்த எண்ணுக்கு நேரே வந்து நின்றது. கரையில் ஒரே ஆரவாரம். அவரைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறைதான்.

சுமதி தேத்தண்ணீரோடு வந்தாள். அவள் ஆடவில்லை. படகைப் பார்த்தாள், பிறகு மணலைப் பார்த்தாள்.

“அண்ணே, இங்க ரெண்டு பை மிச்சம் கெடக்கே?”

“அதுவா தாயி? அது தண்ணிக்குக் கழிச்சது” என்றார் பேன்காரர்.

கடற்கரையில் இருந்த யாருக்கும் இது புரியவில்லை. எனக்கும் சுமதிக்கும் புரிந்தது. தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பார்கள். மழை நாள் என்றால் கேட்கவே வேண்டாம். கொட்டுகிற மழையில், அட்டைகள் கடிக்கக் கடிக்கப் பறித்துச் சுமந்துகொண்டு வந்தவளுக்கு முன்னால் அந்தக் கிலோக்கள் தராசிலிருந்து காணாமல் போகும். ‘நனைந்த வலை’ என்ற சொல் காதில் விழுந்ததும் பேன்காரரின் கை தானாகவே இரண்டு பையைக் கழித்துவிட்டது. அவருக்கே தெரியாது.

சுமதிக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“இது கொழுந்தாண்ணே? யாரு இங்க தராசு புடிக்கிறா? தண்ணியும் இவருதானே சொமந்துக்கிட்டு வரணும்! கடலு கழிச்சுக்குமா? அந்த ரெண்டு பைதாண்ணே அன்னைக்கு இவரைத் தூக்கி எறிஞ்சது!”

பேன்காரர் அந்த இரண்டு பையின் பக்கத்தில் குந்தினார். ஒரு பையைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னார்.

“பொறந்ததுல இருந்து கழிச்சே பழகிட்டோம் தாயி. சொமக்கறப்பயும் தண்ணி கனத்துச்சுங்கறதே மறந்துபோச்சு பாரு.”

சுமதி வேறு பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் அம்மா மழையில் நனைந்து சுமந்த கூடைகள் எல்லாம் அந்த இரண்டு மணல் பையில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

இரண்டு பையையும் பேன்காரரே தோளில் சுமந்துபோய்ப் படகில் வைத்தார். நடுவுள்ளவன் இப்போது முனகினான். மீட்டர் இறங்கியது, மூக்கும் இறங்கியது. கடைக்குட்டியை மாட்டினார்கள். முழுப் பாரத்தோடு படகு நிமிர்ந்தது. மீட்டர் சரியான இடத்துக்கு வந்தது. ஆனால் பாரத்தை இறக்கிவிட்டு ஓட்டியபோது எஞ்சின் எண்ணை மீறி அலறியது. வெறும் படகாகப் போகும்போது ரவி முறுக்கைக் குறைத்துத்தான் ஓட்டவேண்டும். முன்போல் பறக்க முடியாது.

ரவிக்கு முகம் விழுந்துவிட்டது. “இவ்வளவு பெரிய எஞ்சினைப் போட்டுட்டு, காலையில போகக்குள்ள எல்லாருக்கும் பின்னால போறதா? நடுவில உள்ளதே நல்லா இருந்திச்சு அண்ணன்.”

“மாப்ள, போறப்ப நீங்க முன்னால போனீங்களா பின்னால போனீங்களான்னு உங்க பொண்டாட்டி பாக்கப் போறதில்ல. வரும்போது வந்தீங்களான்னுதான் பாப்பா. போற காத்தாடி வேணுமா, வர்ற காத்தாடி வேணுமா? சொல்லுங்க, மாட்டிருவோம்” என்றார் பேன்காரர்.

ரவி சுமதியைப் பார்த்தார். கடைக்குட்டி அப்படியே இருந்தது.

மறுநாள் உண்மையான சோதனை. மணல் பை இல்லை, நனைந்த வலையும் ஐஸுமாக, அலை உடைகிற இடத்தைக் கடந்து உள்ளே வரவேண்டும். வழக்கமாக ரவியோடு போகும் ஆள் போன தடவை பட்ட பாட்டுக்குப் பயந்து, வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். யாரும் கேட்பதற்கு முன்னால் பேன்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறிவிட்டார். மீட்டர் கையில்.

அவர்கள் வெளியே போய் வலையை நனைத்து இழுத்துத் திரும்பும்வரை சுமதி மணலில் உட்காரவே இல்லை. தூரத்தில் படகு தெரிந்தது. அலைகளுக்கு வெளியே கொஞ்சநேரம் நின்று நிதானித்தது. பிறகு எஞ்சின் சத்தம் ஏறியது. ஒரு அலையின் முதுகில் படகு மூக்கைத் தூக்கி ஏறியது. பின்னால் வந்த அலை துரத்திக்கொண்டே வந்தது, எட்டவில்லை. படகு ஈரமணலில் சறுக்கி ஏறி, எங்கள் காலடியில் வந்து நின்றது. எஞ்சின் பக்கத்தில், அதைத் தவிர வேறொன்றையும் பார்க்காத ஒரு மனிதர் தெப்பலாக நனைந்து உட்கார்ந்து, “எண்ணு சரி! எண்ணு சரி!” என்று கத்திக்கொண்டிருந்தார். சுமதி ஓடிப்போய்ப் புருஷனைத் தொடவில்லை. முதலில் அந்தக் காத்தாடியைத்தான் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு சந்தேகம் வந்து கேட்டேன்.

“அண்ணே, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தேயிலை மலையில எங்க தம்பி நீச்சல்?”

“அப்புறம் எந்தத் தைரியத்துல ஏறினீங்க?”

“ஆள் ஒருத்தர் கொறைஞ்சாரே. என்னையும் கழிச்சிருந்தா மறுபடி கணக்குத் தப்பாயிருக்காதா?” என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

நான் இப்போது பதுளை நகரத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். போன மாதம் தொழிற்சாலைப் பக்கம் போயிருந்தேன். வாட்டும் மாடியில் ஃபேன்கள் இரைந்துகொண்டிருந்தன. பேன்காரரின் சட்டைப்பையில் போன் மினுங்கியது. எடுத்துக் காதில் வைத்து, “ஆங்... ஆங்... சரி தாயி” என்று பையில் போட்டுக்கொண்டார். சுமதிதான்.

“என்னண்ணே சொன்னா?”

“இந்தச் சத்தத்துல எவனுக்குக் கேட்டுச்சு? அவ கூப்பிட்டான்னா மாப்ள கரைக்கு வந்துட்டாருன்னு அர்த்தம். தெனமும் கூப்பிடுவா.”

எனக்கு அவள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் போன் போடுவாள். நான் கூடப் பிறந்தவன், என்னிடம் முதலில் சொல்லவேண்டாமா என்று அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அண்ணன் என்று நம்பி அவள் கூப்பிடுகிற இடத்தில் பேன்காரர் இருக்கிறார் என்பதில் எனக்கு நிம்மதிதான்.